கரிந்த கம்பியை இனி வாங்க வேண்டாம், அண்ணாச்சிமாரே

நெல்லைச் சீமையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்தன். பாளையங்கோட்டைப் பக்கம் சின்னக் கடை. அப்பா பேட்டையில் கடை வைத்திருந்தபோது தராசுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன். நடுவில் 9 வருடம் தூத்துக்குடியில், கப்பலில் வரும் கழிவுச் செம்பைத் தரம் பிரிக்கிற யார்டு ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, ஊர்ப்பக்கமே திரும்பிவிட்டேன். முதலில் சங்கத்துக்குத்தான் எழுத நினைத்தேன். சங்கத்துக்கு எழுதினால் ஃபைலில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் நேரே உங்களுக்கே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். எரித்து எடுத்த செம்புக் கம்பியை நம் கடைகளில் வாங்குவதை நிறுத்துவோம். நாமும் எரிக்க வேண்டாம்.

"யாவாரம் தெரியாதவன் பேசுகிறான்" என்று சிலர் சிரிப்பீர்கள். யாவாரத்தை வைத்தே பேசுகிறேன், கேளுங்கள்.

எனக்குப் பத்து வயதில் கம்பி எரிப்பது திருவிழா மாதிரி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடைக்குப் பின்னால் உடங்காட்டில் பழைய வயரைக் குவித்து, மேலே ஒரு டயர் துண்டைப் போட்டு, மண்ணெண்ணெய் தெளித்து அப்பா தீ வைப்பார். முதலில் மஞ்சளாக எரியும். உறை உருகத் தொடங்கியதும் தீயின் ஓரம் பச்சையாகும். அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருப்பேன். வயர் உறையில் இருக்கிற பி.வி.சி.யில் குளோரின் உண்டு, அது சூட்டில் செம்போடு கூடும்போதுதான் அந்த நிறம் வருகிறது என்பது ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. டயாக்சின் என்று சொல்கிறார்களே, அந்த நஞ்சு உண்டாவதும் இதே கூட்டில்தான். அது உருவாகச் செம்பே தூண்டுகோலாக இருக்கிறது. அப்பாவுக்குக் கடைசி வருடங்களில் இருமல் நிற்கவே இல்லை. புகையால் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். அவர் பீடியும் குடித்தார். ஆனால் எரித்த மறுநாள் அவர் சட்டையைத் துவைக்கும்போது அம்மா சோப்பு நுரை கறுப்பாக வருவதைக் காட்டித் திட்டுவாள்.

சரி, யார்டுக்கு வருகிறேன்.

தூத்துக்குடியில் முதல் நாள் எனக்குக் கொடுத்தது ஒரு தாள். அதில் பார்லி, பெர்ரி, கேண்டி, பிர்ச், கிளிஃப், டுரூயிட், ஹனி என்று வரிசையாகப் பேர்கள். பலசரக்குக் கடைச் சிட்டையோ என்று நினைத்தேன். எல்லாமே செம்பும் பித்தளையும். தந்தி அடித்து யாவாரம் பேசிய காலத்தில், வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால், ஒவ்வொரு தரத்துக்கும் அமெரிக்கக் கழிவு வணிகர் சங்கத்தார் ஒற்றைச் சொல்லில் பேர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் நியூயார்க்கில் இருப்பவனும் துபாயில் இருப்பவனும் ஜாம்நகரில் இருப்பவனும் அந்தப் பேரைச் சொல்லித்தான் விலை பேசுகிறார்கள். சரக்கைக் கண்ணால் பார்க்காமலே கோடிக்கணக்கில் பணம் கைமாறுகிறது. பார்லி என்றால் உறையும் பூச்சும் இல்லாத, பளபளக்கிற வெறும் கம்பி, 16 கேஜுக்கு மெலியக்கூடாது. பெர்ரி அதற்கு அடுத்தது, சுத்தமான கம்பிதான். கேண்டி என்றால் கனத்த துண்டு, பஸ்பார் என்கிற மின்சாரப் பட்டை, சுத்தமான குழாய். பிர்ச் இரண்டாம் தரம், 96 சதவீதம் செம்பு எதிர்பார்ப்பார்கள், 94க்குக் கீழே இறங்கக்கூடாது. டுரூயிட் என்பது உறையோடு இருக்கிற வயர். ஹனி நம் மஞ்சள் பித்தளை.

இதில் பெர்ரி, கேண்டி, பிர்ச் மூன்றின் விளக்கத்திலும் திரும்பத் திரும்ப ஒரே வரி வரும்: ஒடிகிற கரிந்த கம்பி இருக்கக்கூடாது. முதல் தரத்துக்கு அப்படிச் சொன்னால் நியாயம். இரண்டாம் தரத்திலேயே சொல்லியிருக்கிறார்களே என்று அப்போது எனக்கு ஆச்சரியம்.

அங்கே ஒரு வயசாளி மேஸ்திரி இருந்தார். மெஷின் ஒன்றும் தேவையில்லை அவருக்கு. சரக்கிலிருந்து ஒரு கம்பியை உருவி, விரலில் சுற்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரெண்டு மடக்கு மடக்குவார். வளைந்து கொடுத்தால் ஒரு குவியல். முடுக்கென்று ஒடிந்தால் வேறு குவியல். தீயில் வெந்த செம்பு அப்படித்தான் ஒடியும். கம்பிச் செம்புக்குள் கொஞ்சம் ஆக்சிஜன் ஒளிந்திருக்கும், புகைகிற தீயிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே நுழைந்து அதோடு சேர்ந்து நீராவியாகி, மணிமணியாகக் கோத்திருக்கிற செம்பை உள்ளிருந்தே விலக்கிவிடும். மேல்தோலும் கருகிச் செதிலாக உதிரும். உதிர்வதெல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய செம்பு. தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி என்றால் கேட்கவே வேண்டாம், சாம்பலைக் கிளறித்தான் தேட வேண்டும்.

இவ்வளவும் கற்றுக்கொண்டு வந்தவன் ஊரில் கடை போட்டு என்ன செய்தேன்? அதைத்தான் வாங்கினேன். கடை போட்ட இரண்டாம் வருடம், ஒரு பையன் வாரா வாரம் கரிந்த கம்பி கொண்டுவருவான். பேசாமல் தருவான், பேரம் பேச மாட்டான். கிலோவுக்கு எனக்கு நல்ல லாபம் நிற்கிறது என்று கணக்குப் போட்டு 140 கிலோ சேர்த்து, வெளியூரில் ஒரு உருக்காலைக்கு ஏற்றிவிட்டேன். அங்கே இருந்தவர் பையைக் கொட்டி, ஒரு கம்பியை எடுத்து ரெண்டு மடக்கு மடக்கினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிலோவுக்கு 45 ரூபாய் குறைத்தார்கள், சாம்பல் என்று சொல்லி எடையில் 4 கிலோவைக் கழித்தார்கள். போன லாரிக்கு வாடகையும் என் கையிலிருந்து போனது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனைத் தேடிக்கொண்டு போலீஸ்காரர்கள் என் கடைக்கு வந்தார்கள். அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

நம் கடையில் காலையில் வாட்ஸ்ஆப்பில் வருகிற ரேட் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? லண்டன் உலோகச் சந்தையில் சுத்தமான செம்புக்கு ஒரு விலை முடிவாகும். அதில் இத்தனை சதவீதம் என்று கழிவுச் செம்புக்குப் பேசுவார்கள். 2024 மே மாதம் அங்கே டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியபோது, மேலப்பாளையத்தில் மோட்டார் காயில் விலை அடுத்த நாளே ஏறியது. 2025 ஜூலை கடைசியில், குழாய், கம்பி, தகடு மாதிரி செம்பில் செய்த இடைநிலைப் பொருள்களுக்கு 50 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்து, எல்லோரும் பயந்த மாதிரி சுத்திகரித்த செம்புக்கு வரி போடாமல் விட்டதும், நியூயார்க் சந்தையில் ஒரே நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விலை சரிந்தது. அதே அறிவிப்பில் கழிவுச் செம்பைப் பற்றியும் ஒரு வரி உண்டு: அங்கே சேர்கிற உயர்தரக் கழிவுச் செம்பில் 25 சதவீதத்தை உள்நாட்டிலேயே விற்க வேண்டும். உலகத்துக்கே கழிவுச் செம்பு விற்கிற நாடு, நல்ல சரக்கைக் கொஞ்சம் வீட்டுக்குள் பிடித்துவைக்கப் பார்க்கிறது.

வாங்குகிறவர்களும் மாறிவிட்டார்கள். ஒரு காலத்தில் எந்தக் குப்பையையும் சீனா வாங்கும். மோட்டாரை அப்படியே கன்டெய்னரில் போட்டு அனுப்பினாலும் எடுத்துக்கொள்ளும். 2018 முடிவோடு அப்படிப்பட்ட கலப்புச் சரக்குக்குத் தடை. 2019 ஜூலையில் மற்றதுக்கும் கட்டுப்பாடு. அப்புறம் 2020 நவம்பரில், தரம் பிரித்த சுத்தச் செம்பு கழிவே இல்லை, அது மூலப்பொருள் என்று தனி விதி எழுதி அதற்கு மட்டும் கதவைத் திறந்தது. சீனாவில் போகாத சரக்கெல்லாம் மலேசியாவுக்குத் திரும்ப, அந்த நாடு 2022இலிருந்து 94.75 சதவீதம் செம்பு இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்றது. கதவு எங்கே அடைத்தாலும் சுத்தமான சரக்குக்கு ஒரு ஜன்னலாவது திறந்திருக்கிறது. கரிந்து கலந்த சரக்குக்கு ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டே வருகிறது. நாம் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லையே என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் நம்மிடம் வாங்குகிற ஆலைக்காரன் கப்பல் சரக்கையும் நம் சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறான். கப்பல் சரக்குக்கு இறக்குமதி வரியை 2021 பட்ஜெட்டில் 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆக இறக்கினார்கள், 2025 பட்ஜெட்டில் அதையும் எடுத்துவிட்டார்கள். அரசு அதை இன்னும் சுலபமாக்கத்தான் பார்க்குமே தவிர இறுக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குக் காரணம் நம் வாசலிலேயே இருக்கிறது. தூத்துக்குடி செம்பு ஆலை வருடத்துக்கு 4 லட்சம் டன் எடுக்கிற ஆலை. 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனபின் மூடினார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் திறக்க இடம் கொடுக்கவில்லை. ஆலையை மூடும்வரை சுத்திகரித்த செம்பை வாங்குவதைவிட அதிகம் விற்ற நாடு, 2018இலிருந்து விற்பதைவிட அதிகம் வாங்குகிற நாடாகிவிட்டது. ஆலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. என் சொக்காரர்களிலேயே இரண்டு பக்கமும் ஆள் உண்டு, கல்யாண வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் பந்தி நின்றுவிடும். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். செம்புப் புகைக்கு எதிராக இவ்வளவு பெரிய விலை கொடுத்த சீமையில், ராத்திரி நம் கடைக்குப் பின்னால் எழுகிற புகையை நாம் என்ன கணக்கில் எழுதுகிறோம்? அந்த ஆலைக்காவது புகைபோக்கி இருந்தது.

எரித்த சாம்பலை எங்கே கொட்டுகிறோம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வாய்க்கால் கரையில். மழை பெய்தால் அது எங்கே போகும்? ஆற்றுக்கே தாமிரபரணி என்று பேர் வைத்து, நெல்லையப்பர் கோயிலில் கூத்தனுக்குத் தாமிர சபை கட்டிய ஊர்க்காரர்கள் நாம். ஆப்பிரிக்காவில் கானா நாட்டுத் தலைநகரான அக்ராவில் அக்போக்புளோஷி என்று ஒரு இடம் உண்டு. பல வருடமாக அங்கே வயரை எரித்துச் செம்பு எடுத்தார்கள். அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்து 2019இல் ஒரு அறிக்கை வந்தது. டயாக்சின் தாறுமாறாக இருந்தது. அந்த நஞ்சு கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் கரையாது. நம் கடைப் பின்புறத்திலும் கோழி மேய்கிறது.

இப்போது அந்தப் பையன் கதை.

ராதாபுரம், பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலை கேபிள் காணாமல் போகிறது. களக்காட்டுப் பக்கம் வாழைக்காரர் காலையில் தோட்டத்துக்குப் போனால் மோட்டார் வயர் அறுத்துக் கிடக்கிறது. அறுத்தவனுக்குக் கிடைப்பது சில ஆயிரம். வாழைக்காரருக்குப் புது வயர், ஆள் கூலி, நாலு நாள் தண்ணீர் இல்லாத தோட்டம். திருடன் அந்த வயரை அப்படியே நம் கடைக்குக் கொண்டுவர மாட்டான். ஒரு வயரின் ஜாதகமே அதன் உறையில் அச்சடித்திருக்கிறது: கம்பெனி பேர், அளவு, ஐ.எஸ்.ஐ. முத்திரை, மீட்டர் கணக்கு. காற்றாலைக்காரன் வாங்கிய பில்லோடு அதை ஒத்துப் பார்த்துவிடலாம். எரித்துவிட்டால் ஜாதகம் போச்சு. எல்லாக் கம்பியும் ஒரே கறுப்பு. அதாவது கரிந்த கம்பியை நாம் வாங்குகிற வரைக்கும் திருடனுக்கு ஒரு கடை திறந்திருக்கிறது. எரித்தவன் எல்லாம் திருடன் என்று சொல்லவில்லை, என் அப்பா எரித்தவர்தான். ஆனால் திருடியவன் நிச்சயம் எரிப்பான்.

அந்தப் பையன் கொண்டுவந்ததும் அப்படிப்பட்டதுதான் என்று பிறகு சொன்னார்கள். நான் மூன்று நாள் காலையில் போய் சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்பட நியாயம் இருந்தும் வாங்கினாலோ குற்றம். முன்பு ஐ.பி.சி. 411, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 317. "கரிந்திருந்ததே, உனக்குச் சந்தேகம் வரவில்லையா?" என்று அதிகாரி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பேரம் பேசாத பையனைப் பார்த்து எனக்கு வந்தது சந்தேகம் இல்லை, சந்தோஷம்.

கப்பல் சரக்கைச் சுத்தம் என்று நான் கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம். அங்கேயும் பித்தலாட்டம் உண்டு. 2020இல் துருக்கியிலிருந்து சுமார் 36 மில்லியன் டாலருக்குச் செம்பு வாங்கிய ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சீனாவில் கன்டெய்னரைத் திறந்தபோது கிடைத்தது செம்பு நிறத்தில் பெயிண்ட் அடித்த தளக்கல். யார்டில் நாங்களும் தினுசு தினுசாகப் பார்த்திருக்கிறோம், மேலே பார்லி, அடியில் ஈயம் பூசின கம்பி. அதனால்தான் அங்கே ஏற்றும் முன் ஒரு சோதனைச் சான்றிதழ், துறைமுகத்தில் கதிர்வீச்சு பார்க்கிற வாசல், அப்புறம் சுங்கம், கடைசியில் எங்கள் மேஸ்திரியின் விரல். நம் கடைக்கு வருகிற சரக்குக்கு நம் கண் ஒன்றுதான் சோதனை. 2010இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைகளுக்குள் கோபால்ட்-60 என்கிற கதிர்வீச்சுப் பொருள் வந்து ஒரு தொழிலாளி இறந்தாரே, அது கப்பலில் வந்ததில்லை, உள்ளூரில் ஏலம் எடுத்த சரக்கு.

"எரிக்காமல் எப்படி எடுப்பது" என்று கேட்பீர்கள். கனத்த கேபிளைக் கத்தியால் கீறினாலே உறை கழன்றுவிடும். நடுத்தர வயருக்குக் கையால் சுற்றுகிற உரிப்பு மெஷின் போதும், மேசையில் முடுக்கி வைத்துக்கொள்ளலாம். என் கடையில் பீடி சுற்றுவதை விட்டுவிட்ட இரண்டு அக்காமார் கிலோக் கணக்கில் கூலி வாங்கி உரிக்கிறார்கள். இலையை நரம்பு கிள்ளிப் பழகிய விரல், என்னைவிட வேகம். உரித்த உறையும் வீணில்லை, பி.வி.சி. என்று தனியாக எடுக்க ஆள் இருக்கிறது.

மெல்லிய இழை வயர்தான் தலைவலி. அதை உரிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. உறையோடேயே விற்கலாம். டுரூயிட் என்று ஒரு பேரே வைத்து உலகம் முழுக்க அப்படித்தான் விற்கிறார்கள். 100 கிராம் வெட்டி எடுங்கள், உரித்துப் பாருங்கள், செம்பு 65 கிராம் நின்றால் 65 சதவீதம் என்று பேசுங்கள். அளவு தெரிந்த வயர் என்றால் வெட்டாமலே மனக்கணக்கில் சொல்லிவிடலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயர் 90 மீட்டர் சுருளில் செம்பு ஏறக்குறைய 2 கிலோ. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் வாங்க வருகிறவன் நம்மை வேறு மாதிரிப் பார்க்கிறான். இழையைப் பொடித்துப் பிரிக்கிற மெஷின் தனி ஒரு கடைக்குக் கட்டாது. பத்துக் கடை சேர்ந்தால் ஒருவேளை கட்டும். அதைப் பிறகு பேசுவோம்.

இந்த நேரத்தில் ஜி.எஸ்.டி.யைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். 2024 அக்டோபர் 10இலிருந்து, பதிவு இல்லாதவனிடம் உலோகக் கழிவு வாங்கினால் பதிவு உள்ளவனே 18 சதவீதத்தையும் கட்ட வேண்டும், பதிவு உள்ளவர்களுக்குள் விற்றால் 2 சதவீதம் பிடிக்க வேண்டும். சைக்கிளில் பழைய சாமான் எடுக்கிறவரிடம் போய் யார் என்ன கேட்பது? எனக்கும் கடுப்புதான். ஆனால் இதனால் ஒரு காரியம் நடந்திருக்கிறது: பெரிய ஆலைகள் இப்போது சரக்கு எங்கிருந்து வந்தது என்று தாள் கேட்கின்றன. உறையோடு இருக்கிற வயருக்குத் தாள் எழுதுவது சுலபம். கறுப்புக் கம்பிக்கு என்னவென்று எழுதுவீர்கள்?

சென்னையில் நம் தொழிலைக் காயலான் கடை என்கிறார்கள். காயல்பட்டினத்து யாவாரிகளால் வந்த பேர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் இந்தத் தொழிலுக்கே பேர் கொடுத்தது நம் சீமைதான். அதைத் திட்டுகிற வார்த்தையாகத்தான் ஊர் பயன்படுத்துகிறது என்பது வேறு விஷயம். உலகம் பயன்படுத்துகிற செம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பழையதிலிருந்து மீண்டு வருவது என்று தெரிந்தால் கொஞ்சம் மரியாதை கொடுப்பார்களோ என்னவோ.

என் கடை வாசலில் போன தையிலிருந்து ஒரு தகரப் பலகை தொங்குகிறது. "கரிந்த கம்பி வாங்கப்படாது." முதல் மாதம் யாவாரம் குறைந்தது, மறைக்கவில்லை. பக்கத்துக் கடை வாங்குகிறதே, அங்கே போய்விட்டார்கள். அதனால்தான் இந்த மடல். டவுன், பேட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் நாலு இடத்திலும் ஒரே பலகை தொங்கினால் கம்பி வேறு எங்கே போகும்? அம்பையும் வள்ளியூரும் சேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது. பலகை அடிக்கிற செலவு பிரச்சினை என்றால் என்னிடம் பழைய தகரம் நிறையக் கிடக்கிறது, சும்மா எடுத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை மத்தியானம் கூலி கொடுத்து முடித்ததும் கடையில்தான் இருப்பேன். உரிப்பு மெஷினை நீங்களே சுற்றிப் பார்க்கலாம். உங்கள் கடையிலிருந்து ஒரு முழம் வயர் கொண்டுவாருங்கள், கரிந்ததில் ஒரு துண்டும் கொண்டுவாருங்கள். ரெண்டையும் மடக்கிப் பார்ப்போம். பிளேடு உபரியாக நாலு வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைப் பக்கத்துக் கடைக்காரன் ஒருவன்